ஜபூர் இருந்த மூட்டை

நாகூர் கனி யாரையும் நம்பமாட்டார். இதை ஊர் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லுவார்.

மதுரைக் கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பள்ளிவாசல் ஜமாத்துக்குச் சொந்தமான முசாபர்கானா இருந்தது. வெளியூர் வழிப்போக்கர்கள் காசில்லாமல் தங்கிப் போகிற இடம். கனியின் தாடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதன் சாவி அவர் இடுப்பில்தான் கிடந்தது. படுக்கப் பாய் உண்டு, போர்த்தப் போர்வை உண்டு, கிணற்றுத் தண்ணீர் வேண்டிய மட்டும் உண்டு. சட்டம் ஒன்றே ஒன்றுதான். வருகிறவன் வாசற்படியில் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். உள்ளே என்ன வருகிறது என்று தெரிய வேண்டுமே. போகும்போதும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். ஜமாத்துப் போர்வையும் கூடவே போகிறதா என்று தெரிய வேண்டுமே.

தொழுகைக்குப் போனாலும் அப்படித்தான். எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போவார்கள். கனி தன் செருப்பைத் துணியில் சுற்றித் தனக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் தொழுவார். "அல்லாவோட வீட்டுலயே நம்பிக்கை இல்லையா பாய்?" என்று கேட்டால், "வீட்டுக்காரனை நம்புறேன். வந்து போறவனை எப்படி நம்புறது?" என்பார்.

இந்த வாய்தான் அவருக்கு வினையாக வந்தது. ஜமாத் தலைவர் பெரிய ஹாஜியாரின் மச்சான், மேலூரிலிருந்து ஒரு தடவை வந்து தங்கினார். மூட்டையை அவிழ்க்கச் சொன்னதும், "நான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவன்" என்றார். "ஹஜ்ஜுக்குப் போனா போர்வை மேல இருக்கிற ஆசை போயிருமா?" என்று கனி கேட்டுவிட்டார். மச்சான் நேரே ஹாஜியாரிடம் போய், கனி மூட்டைக்குள் கைவிட்டுத் துழாவுகிறான், சாமான் குறைகிறது என்று வத்தி வைத்தார். அந்தப் பகுதிக்கு யூனானி வைத்தியம் பார்க்கும் ஹக்கீம் முகைதீன் பிச்சை அதற்கு எண்ணெய் ஊற்றினார். ஹக்கீமின் மருமகன் யூனுஸ் வேலை இல்லாமல் வீட்டோடு இருந்தான். முசாபர்கானா சாவி அவன் இடுப்புக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மாமனாருக்குத் தோன்றியது. அடுத்த கூட்டத்தில் கனியை விலக்கிவிடுவது என்று பேச்சு அடிபட்டது.

சாவி போனால் பின்கட்டு அறையும் போகும். அந்த அறையில்தான் கனியும், புருசனை இழந்து வந்த அவர் தங்கை சைனபும் குடியிருந்தார்கள். இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எஸ்ரா வந்து இறங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பொழுது மசங்குகிற நேரம். கொல்லத்து ரயில் அன்றைக்கு ஏகத்துக்கும் தாமதம். தாடியையும் தலையில் தொப்பியையும் பார்த்த ஜட்கா வண்டிக்காரன், வேறு எதுவும் கேட்காமல் முசாபர்கானா வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டான். கையில் ஒரு பெரிய துணி மூட்டை. வாயை இறுக்கிக் கட்டிய முடிச்சு.

"ஊரு எது?"

"எர்ணாகுளம். சுங்குடிச் சேலை வாங்கிப்போக வந்தேன் பாய். எஸ்ரானு பேரு."

"மலையாளத்து மாப்பிள்ளை முஸ்லிமா?"

"அல்ல பாய். நான் யூதன். மூசா நபியோட ஆளுக."

கனி அப்படி ஓர் ஆளை நேரில் பார்த்ததில்லை. மூசா நபியைத் தெரியும். அவருக்கு இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறார்கள் என்பது தெரியாது.

"யாராயிருந்தா என்ன, மூட்டையை அவுரு."

எஸ்ரா வானத்தைப் பார்த்தார். சந்துக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தில் வெளிச்சம் போய்விட்டது.

"நேரம் தாண்டிப் போச்சு பாய். எங்களுக்கு ஓய்வு நாள் பிறந்துருச்சு. நாளைக்குப் பொழுது அடைஞ்சு நட்சத்திரம் தெரியிற வரைக்கும் இந்த மாதிரி முடிச்சுப் போடவும் மாட்டோம், அவிழ்க்கவும் மாட்டோம்."

கனி எத்தனையோ சாக்குக் கேட்டவர். பெட்டிச் சாவி தொலைந்துவிட்டது என்பான் ஒருவன், பெண்டாட்டி துணி இருக்கிறது என்பான் ஒருவன். முடிச்சு அவிழ்ப்பது பாவம் என்று சொன்னவன் இவன் ஒருவன்தான்.

"அப்ப நான் அவுத்துக்கிறேன்."

"அவிழ்க்கச் சொல்லி என் வாயாலே சொல்லவும் கூடாது."

"நல்லா இருக்குய்யா உங்க சட்டம்! களவாணிப் பயலுக்குனே செஞ்ச மாதிரி இருக்கு."

வெளியே தள்ளியிருப்பார். ஆனால் ஜமாத்துக் கூட்டம் வருகிற நேரத்தில், வந்தவனைத் துரத்தினான் என்று இன்னொரு புகார் போகும். அவிழ்க்காமல் உள்ளே விட்டால் சட்டம் போகும். கனி ஒரு வழி செய்தார். மூட்டையைக் கூடத்தின் மூலையில் வைத்து, அதை ஒட்டிப் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நட்சத்திரம் தெரியட்டும். அவிழ்த்த பிறகுதான் எழுந்திருப்பது.

மறுநாள் நட்சத்திரம் தெரிந்தது. எஸ்ராவுக்குத்தான் அது தெரியவில்லை. மத்தியானமே காய்ச்சல் கண்டு, வயிறு போக ஆரம்பித்து, சாயங்காலம் நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டிருந்தார்.

சைனபு வந்து பார்த்துவிட்டு வாயில் துணியை வைத்துக்கொண்டாள். "அண்ணே, இது ஆகாத சீக்கு மாதிரி இருக்கு. மூட்டையை இப்பவாச்சும் அவுத்துப் பாருங்க. ஊரு விலாசம் ஏதும் இருந்தாத் தந்தி குடுக்கலாம்."

"உனக்குப் புத்தி இருக்கா? ஆளு நெனவில்லாமக் கெடக்கையில நான் அவுத்தேன்னா, இந்த ஊரு என்ன சொல்லும்? தங்கக் கட்டி இருந்துச்சு, கனி முழுங்கிட்டான்னு சொல்லும். அவனா எந்திரிச்சு, அவன் கையால அவுக்கட்டும். அதுவரைக்கும் ஒரு பய இதைத் தொடக் கூடாது."

"எந்திரிக்காமப் போயிட்டா?"

"போகக் கூடாது. மூட்டைக்கு யாரு பதில் சொல்றது?"

இப்படித்தான் நாகூர் கனி ஒரு மனிதனைப் பிழைக்கவைக்கும் வேலையில் இறங்கினார்.

சேதி கேட்டு ஹக்கீம் முகைதீன் பிச்சை வந்தார். நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், கறுப்பாக ஒரு கசாயத்தைக் குப்பியில் அனுப்பிவைத்தார். கனி குப்பியைத் திறந்து மோந்து பார்த்தார். சீக்காளி இங்கே செத்தால் யாருக்கு லாபம்? கனியின் பேர் கெடும், சாவி யூனுஸுக்குப் போகும். ஆகவே கசாயம் நேரே பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குப் போனது. அடுத்த குப்பியும் அங்கேதான் போனது. கோயில் அலுவலகத்தில் கணக்கெழுதும் பசுபதி, கனியின் பழைய சேக்காளி, விபூதி கொண்டுவந்தான்.

"அம்மன் சன்னதி விபூதிண்ணே. நெத்தியில இட்டுவிடுங்க."

"மடப்பள்ளிச் சாம்பலைக் கொண்டாந்துருக்க. எனக்குத் தெரியாதா?"

"ஒம்ம வாயிருக்கே!" என்று பசுபதி பொட்டலத்தை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனான். அது அங்கேயே இருந்தது.

தெருக்குழாய்த் தண்ணீரையும் கனி நம்பவில்லை. சைனபு கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, குருணையும் உப்பும் போட்டுக் கஞ்சி வடிப்பாள். வடிக்கிறதைக் கனி பக்கத்தில் நின்று பார்ப்பார். "தங்கச்சியவே நம்பமாட்டீங்களா?" என்று அவள் கேட்டதற்கு, "உன்னை நம்புறேன், ஈயை நம்பல" என்றார். அந்தக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக எஸ்ராவின் வாயில் விட்டார். பகலெல்லாம் இதே வேலை. நடுநடுவே திரும்பி முடிச்சைப் பார்த்துக்கொள்வார்.

எத்தனை நாள் என்று யார் எண்ணினார்கள்? ஒரு காலையில் எஸ்ரா கண்ணைத் திறந்தார். முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு கனியைப் பார்த்தார், பிறகு கனியின் முதுகுக்குப் பின்னால் முடிச்சு கலையாமல் இருந்த மூட்டையைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கையை மேலே தூக்கி ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொல்ற?"

"தம்புரானுக்கு நன்றி சொன்னேன்."

"கஞ்சி ஊத்துனது நானுய்யா" என்றார் கனி.

எஸ்ரா சிரித்தார். பேசத் தெம்பு வந்ததும் விவரம் சொன்னார். கடல் கடந்து வந்தவன், பாலைவனம் தாண்டியவன், சிறையிலிருந்து வெளியே வந்தவன், நோயிலிருந்து எழுந்தவன், இவர்கள் தம்புரானுக்குச் சபையில் நின்று நன்றி சொல்ல வேண்டும். பத்து ஆண்கள் வேண்டும், தங்கள் ஆட்களாகவே வேண்டும். அதை ஊருக்குப் போய் யூதப் பள்ளியில் செய்துகொள்வார். ஆனாலும் உயிர் திரும்பி வந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு போக மனசு வரவில்லை. தாவூது நபி பாடிய பாட்டு ஒன்றை இங்கேயும் நாலு பேர் முன்னால் பாடிவிட்டுப் போக வேண்டும். புத்தகம் மூட்டைக்குள் இருக்கிறது.

கனி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாவூது நபி பாட்டுன்னா, ஜபூரா?"

"நீங்க ஜபூர்னு சொல்றதுதான்."

"தனியாச் சொன்னா அவனுக்குக் கேக்காதா? நாலு பேரு எதுக்கு?"

"அவருக்குக் கேக்கும் பாய். மனுசனுக்குத்தான் கேக்காது."

கனிக்கு உடனே விசயம் பிடிபட்டது. பிடிபட்டதாக அவர் நினைத்துக்கொண்டார். சபை கூட்டி நன்றி சொல்வது என்றால் என்ன? பஞ்சாயத்தில் சாட்சி சொல்வது. இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று நாலு பேர் அறிய ஒப்புக்கொள்வது. அப்படியென்றால், ஜமாத்து முன்னால் இந்த ஆள் எழுந்து நின்று, 'கனி பாய்தான் என்னைப் பிழைக்கவைத்தார்' என்று ஜபூரை வைத்துச் சொல்லப்போகிறார். அதற்கு மேல் எவன் சாவியைக் கேட்பான்?

"நாலு பேரு என்ன, ஜமாத்தையே கூட்டியாறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு இங்கதான் கூட்டம். மூட்டையையும் அவங்க முன்னாலயே அவுரு. அப்பத்தான் ஒரு பய பேசமாட்டான்."

"அதுவும் சரிதான் பாய்."

அந்த வாரம் ஊரே நல்ல மனசோடு நடமாடியது. ஹக்கீம் கடைவீதியில், "என் கசாயம் உள்ளே போனதும் மறுநாளே கண்ணைத் தொறந்துட்டாருல்ல" என்று சொல்லிக்கொண்டு போனார். பசுபதி கோயில் வாசலில், "துலுக்க வீடா இருந்தா என்ன, ஆத்தாளுக்கு வித்தியாசம் உண்டா?" என்று கேட்டான். விபூதிப் பொட்டலம் இன்னும் நிலைப்படியில்தான் இருந்தது. கனி எதற்கும் பதில் சொல்லவில்லை. பதில் சொன்னால் அங்கணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். ஹக்கீமோ ஜமாத்துக் கமிட்டியில் இருக்கிறார். எஸ்ரா வாயாலேயே வரட்டும் என்று பொறுத்திருந்தார். பொறுத்துப் பழக்கம் இல்லாததால் சைனபைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கூட்டம் கூடியது. பெரிய ஹாஜியார் நடுவில், மார்க்கம் படித்த பள்ளிவாசல் ஆலிம் அவருக்குப் பக்கத்தில், அத்தர் பூசிக்கொண்டு ஹக்கீம் முன்வரிசையில். பசுபதி ஜமாத்து ஆள் இல்லை என்பதால் வாசலில் சாய்ந்து நின்றான், ஆனால் தலைமுடியை நன்றாகச் சீவியிருந்தான். பெயர் சொல்லும்போது தயாராக இருக்க வேண்டுமே என்று ஒவ்வொருவரும் முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ரொம்பக் கஷ்டப்பட்டது கனிதான். அவர் முகத்துக்கு அது பழக்கமில்லை.

எஸ்ரா முடிச்சை அவிழ்த்தார். நாட்பட்டு இறுகிப்போன முடிச்சு. நகம் வைத்து நெம்பி, பல்லாலும் இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது. ஹாஜியார் அதைக் கண்வாங்காமல் பார்த்தார். உள்ளிருந்து துணிமணி வந்தது, கரை போட்ட வெள்ளைச் சால்வை வந்தது, பிறகு நீளமாக ஒரு கத்தி வந்தது.

"சொன்னேன்ல!" என்று கனியின் வாய் தானாகக் கத்திவிட்டது.

"கோழி அறுக்கிற கத்தி பாய். போற ஊருல எங்க முறைப்படி தம்புரான் பேரைச் சொல்லி அறுத்துத்தான் தின்போம்."

ஆலிம் தலையை ஆட்டினார். "நல்ல பழக்கம். ஹோட்டல்ல திங்கிற நம்ம பயலுகளும் இதைக் கேட்டுக்கணும்."

கடைசியில் பட்டுத்துணியில் சுற்றிய புத்தகம் வந்தது. வலமிருந்து இடமாக எழுத்து ஓடுவதைப் பார்த்ததும் ஆலிமுக்குத் திருப்தி. எஸ்ரா சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடினார். மெலிந்த குரல்தான், ஆனாலும் அதில் ஒரு கெஞ்சலும் ஒரு குதூகலமும் சேர்ந்தே இருந்தன. சில இடத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. ஹாஜியார் கண்ணை மூடித் தாளம் போட்டார். ஹக்கீம் 'சுபுஹானல்லா' என்றார். புரியாதவரைக்கும் எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

பாட்டு முடிந்ததும் ஹாஜியார், "அர்த்தம் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

"தம்புரான் நல்லவர், அவரோட கிருபை தீராதுனு தொடக்கம். நெருக்கத்துல கூப்பிட்டேன், விசாலமான இடத்துல கொண்டுபோய் நிறுத்தினாருனு வரும். நான் சாகமாட்டேன், பிழைச்சிருந்து அவர் செஞ்சதைச் சொல்லுவேன்னு வரும்." எஸ்ரா கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நடுவுல ஒண்ணு உண்டு. மனுசனை நம்புறதுக்கு, தம்புரான் நிழல்ல ஒதுங்குறதே மேல். பிரபுக்களை நம்புறதுக்கும் அதுவே மேல்."

யார் பெயரும் வரவில்லை. ஹக்கீம் பெயர் வரவில்லை, ஆத்தாள் பெயர் வரவில்லை, கனியின் பெயரும் வரவில்லை. போதாக்குறைக்குப் பிரபுக்கள் என்று ஒரு சொல் வந்திருந்தது. இரண்டு மூன்று பேர் ஹாஜியாரைப் பார்த்தார்கள். ஹாஜியார், "அது அவங்க ஊரு ராசாவைச் சொன்னது" என்றார் அவசரமாக.

கனிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேவிட்டார்.

"மனுசனை நம்பாதேன்னுதானய்யா நானும் இந்த வாசப்படியில உக்காந்து இம்புட்டு நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன்! நான் சொன்னாப் புகாரு, இவரு ராகம் போட்டுப் பாடுனா ஜபூரா?"

"உக்காருய்யா" என்றார் ஹக்கீம். பிறகு எஸ்ரா பக்கம் திரும்பி, குரலைத் தேனாக்கிக்கொண்டு கேட்டார்: "பாட்டு இருக்கட்டும். எந்த மருந்துல எந்திரிச்சீங்க? அதைச் சபையில சொல்லணுமா இல்லையா?"

"தம்புரான் எழுப்பினாரு."

"அவன்தான். அவனில்லாம எது நடக்குது? மருந்து யாரு மருந்து?"

எஸ்ரா கனியைப் பார்த்தார். கனி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். வாழ்க்கையில் அவர் கண் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"இப்பத்தான் தம்புரான் பேரைச் சொன்ன வாய். பொய் சொல்லமாட்டேன். பாதி மயக்கத்துல கெடந்தாலும் கண்ணு தெரிஞ்சுது. உங்க மருந்து என் வாய்க்கு வரலை. வந்த குப்பியெல்லாம் அங்கணத்துக்குத்தான் போச்சு."

கனியின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. முடிந்தது கதை. இன்றைக்கே பின்கட்டைக் காலி செய்ய வேண்டும். சைனபிடம் எப்படிச் சொல்வது?

ஹக்கீம் எழுந்து நின்றார். "கேட்டீங்களா! என் மருந்தைக் கொட்டியிருக்கான். இதுவரைக்கும் இந்த மகல்லாவுல என் மருந்தை எவனாச்சும் கொட்டியிருக்கானா?"

யாரும் 'இல்லை' என்று சொல்லவில்லை. ஆலிம் தாடியைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவன் தன் கால்விரலைப் பார்த்தான். ஹாஜியார் இருமினார். இருமல் நீண்டுகொண்டே போய்ச் சிரிப்பாக மாறியது.

"பிச்சை, கோவிச்சுக்காதே. எங்க வீட்டு அங்கணத்துல ஒரு கறிவேப்பிலைச் செடி நிக்கிது. ஆளுயரம் வந்துருச்சு. எதனால இம்புட்டு வளத்தின்னு எங்க வீட்டுல கேட்டுக்கிட்டே இருப்பாக. நான்தான் சொன்னதில்ல."

"உங்க வீட்டுலயுமா ஹாஜியார்?" என்றது பின்வரிசை.

அதற்கப்புறம் சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை. வாசலில் நின்ற பசுபதி நிலைப்படியில் கைவைத்துக் குலுங்கியபோது விபூதிப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. ஒரு தடவை பிரித்துப் பார்த்தான், கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது. பேசாமல் மடியில் செருகிக்கொண்டான்.

ஹக்கீம் விடவில்லை. "சிரிக்கிற விசயமா இது? யாரையும் நம்பாதவன் கையில சாவி இருக்கலாமா? மூட்டைக்குள்ள கைவிடுறான்னு உங்க மச்சானே சொல்லலையா?"

ஹாஜியார் சிரிப்பை நிறுத்தினார். அவிழ்த்துக் கிடந்த மூட்டைத் துணியை எடுத்தார். முடிச்சு விழுந்த இடம் சுருங்கிக் கயிறு போல முறுக்கேறி இருந்தது. "இந்த முடிச்சு இறுகியிருந்த இறுக்கத்தை நானும்தானே பாத்தேன். கனி, ஆளு நெனவில்லாமக் கெடந்தப்பக்கூட நீ ஏன் இதை அவுக்கல?"

"அவுத்தா நான் எடுத்தேன்னு சொல்லுவீங்க. உங்களையெல்லாம் நம்பி நான் எப்படி அவுக்கிறது?"

ஹாஜியார் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "எம் மச்சான் என்னமும் சொல்லியிருக்கட்டும். நம்மளையே நம்பாதவன் வேற எவனையும் நம்பி ஒரு போர்வையைக்கூட விடமாட்டான். சாவி அங்கனயே கெடக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிட்டார். ஹக்கீமுக்கு மட்டும் செருப்பு உடனே அகப்படவில்லை. கண் கலங்கியிருந்ததால் இருக்கலாம்.

சாவி தங்கியது. கனிக்கு மனசு தங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எஸ்ரா புறப்பட்டபோது வழக்கம்போல மூட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். போர்வை இல்லை. அதற்கும் அவருக்கு ஒரு ஏமாற்றம்.

"அத்தனை பேரு கூடியிருந்தாக. என் பேரை ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சா போயிருக்கும்?"

"சொல்லிட்டேனே பாய். பாட்டு முடியறப்ப, தம்புரான்கிட்ட உங்க பேரையும் உங்க தங்கச்சி பேரையும் சொன்னேன்."

"அவன்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்? ஜமாத்துகிட்டல்ல சொல்லியிருக்கணும்!"

"ஜமாத்தை நம்பச் சொல்றீங்களா?" என்று கேட்டார் எஸ்ரா.

கனி குனிந்து மூட்டைத் துணியை இழுத்துக்கொண்டார். மூட்டையை அவரே கட்டி, முடிச்சை இழுத்து இறுக்கிக் கொடுத்தார். வண்டி சந்து முனை திரும்புகிறவரைக்கும் வாசற்படியிலேயே நின்றார்.

அந்தப் பாட்டு அவரைச் சும்மா விடவில்லை. மனுசனை நம்பாதே என்பதில் அவருக்குச் சிரமம் இல்லை. தம்புரான் நிழலில் ஒதுங்கு என்கிற மறுபாதிதான் உறுத்தியது. அந்த மறுபாதியைத் தான் ஒரு நாளும் செய்து பார்த்ததில்லையோ? அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு முடிவோடு போனார். செருப்பைத் துணியில் சுற்றவில்லை. எல்லாரையும்போல வெளியே விட்டார். தொழும்போது முன்னால் வெறும் பாய் கிடந்தது. மனசு லேசாக இருந்தது. அப்படி ஒரு தொழுகை அவர் தொழுததே இல்லை.

வெளியே வந்தபோது செருப்பைக் காணோம்.

வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் சைனபு கேட்டாள்: "யாரை நம்பிண்ணே வெளியில விட்டீங்க?"

"அவனை நம்பித்தான்."

"அவன் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருப்பான். எடுத்தது மனுசன்ல!"

கனி காலைக் கழுவிக்கொண்டிருந்தபோது பரவைச் சந்தைக்குப் போகிற ஒரு வழிப்போக்கன் மூட்டையும் கையுமாக வந்து நின்றான்.

"என்னங்க பாய், வந்ததும் வராததுமா அவுக்கச் சொல்றீங்க? அல்லா மேல பாரத்தைப் போட்டு எங்களை நம்பக் கூடாதா?"

"பாரத்தை அவன் மேல போட்டாச்சு" என்றார் கனி. "அவனை நம்புறேன். உன்னை நம்பல. மூட்டையை அவுரு."